ஒன்றாம் எண் புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள்

ஒரு மாயாஜாலக் கதைத்தொடர் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. வில்லன் யார், அவன் எப்படி ஒழிந்தான், கடைசியில் யார் மிஞ்சினார்கள் என்பதெல்லாம் வாசகர்களுக்கு மனப்பாடம். அப்புறம் சில வருஷம் கழித்து அதே ஆசிரியர், அந்தக் கதை தொடங்குவதற்கு முன்னால் நடந்ததை இன்னொரு புத்தகமாக எழுதுகிறார். அதைத்தான் ப்ரீக்வல் என்கிறோம். முன்கதை என்று வைத்துக்கொள்ளலாம். கதைக்குள் காலத்தால் மூத்தது, எழுதப்பட்டதில் இளையது.

தொடரின் முதல் பாகத்தை முன்கதை என்று சொல்வதில்லை. சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக்கும் இது இல்லை. அது அதே கதையின் ஒரு துண்டு. டோல்கீனின் ‘தி ஹாபிட்’டைப் பலரும் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொடரின் முன்கதை என்கிறார்கள். ஆனால் ஹாபிட் வந்தது 1937ல், மற்றது 1954, 55ல். முதலில் எழுதிய கதை முதலில் வந்தது, அவ்வளவுதான். படங்கள் தலைகீழாக வந்ததால் அந்தக் குழப்பம். (கீழே சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்க்கப் போகிறேன். அவிழ்க்காமல் இதை விளக்க முடியாது.)

முடிந்த கதைக்கு எதற்கு முன்கதை? காசுக்காக என்று சட்டென்று சொல்லிவிடலாம், அதிலும் உண்மை உண்டு. ஆனால் வாசகனுக்குள் ஒரு கேள்வி கிடக்காவிட்டால் அந்தக் காசும் வராது.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சுற்று மாவட்டமெல்லாம் திரண்டு போய்க் குடில் போட்டுத் தங்கும். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்கள். முதல்முறை போகிற பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும், “சாமிக்கு எதுக்கு ஆச்சி செருப்பு?” ஆச்சியால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட ஆசைப்பட்டது, அவர்கள் தகப்பன் போட்ட நிபந்தனைக்காகப் பூணூலை அறுத்துவிட்டு அந்தத் தொழிலையே ஏற்றது, மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தது என்று ஆதியிலிருந்து வர வேண்டும். செருப்புதான் முதலில் கண்ணில் படுகிறது; கதை பின்னால் வருகிறது.

நல்ல முன்கதையும் இப்படி ஒரு செருப்பிலிருந்துதான் புறப்படுகிறது. சி. எஸ். லூயிஸ் 1950ல் நார்னியா வரிசையின் முதல் புத்தகத்தை வெளியிட்டார்: ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. ஒரு சிறுமி துணி அலமாரிக்குள் நுழைகிறாள். மறுபக்கம் நார்னியா என்ற நாடு, பனி கொட்டும் காடு. அந்தக் காட்டின் நடுவே, வீடோ தெருவோ இல்லாத இடத்தில், லண்டன் தெருவில் நிற்பது போன்ற ஒரு விளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. ஏன் அங்கே? அந்தப் புத்தகம் சொல்லாது. படிக்கிற பிள்ளையும் அதைத் தட்டிக் கேட்காது, கனவில் போல ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேள்வி உள்ளே தங்கிவிடும்.

1955ல் வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ’தான் அதற்குப் பதில். நார்னியா பிறக்கிற நாளில், மண் புத்தம் புதிதாக, எதை ஊன்றினாலும் முளைக்கிற பதத்தில் இருக்கிறது. லண்டனில் பிய்த்த விளக்குக் கம்பத்தின் ஓர் இரும்புத் துண்டை, முதல் புத்தகத்தின் வில்லியான சூனியக்காரி, நார்னியாவைப் படைக்கும் அஸ்லான் என்ற சிங்கத்தின் மேல் எறிகிறாள். சிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு மண்ணில் விழுந்து, விளக்காக முளைக்கிறது. அந்தச் சூனியக்காரியை உறக்கத்திலிருந்து எழுப்பியதே, ஒரு மணியை அடித்துப் பார்த்த டிகரி என்ற சிறுவனின் அடங்காத ஆவல். அவன் வளர்ந்துதான் முதல் புத்தகத்தின் பேராசிரியர் ஆகிறான். நார்னியா ஆப்பிளின் விதையிலிருந்து அவன் தோட்டத்தில் வளர்ந்த மரம் ஒருநாள் புயலில் சாய, அதன் பலகையில் செய்ததுதான் அந்த அலமாரி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விளக்குக்கும் அலமாரிக்கும் விளக்கம் கிடைத்தது மட்டுமென்றால் அது விடுகதைக்கு விடை சொன்ன மாதிரி முடிந்துபோகும். லூயிஸ் கூடுதலாக ஒன்று செய்கிறார். முதல் புத்தகத்தில் அலமாரிக்குள் ஒரு நாடு இருக்கிறது என்று சிறுமி சொல்ல, வீட்டில் யாரும் நம்புவதில்லை. கிழப் பேராசிரியர் மட்டும் ஏன் நம்பக்கூடாது என்று கேட்கிறார். முதல் வாசிப்பில் அவர் விசித்திரமான நல்ல மனிதர். முன்கதையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனால், அவர் நம்பியது நல்ல மனதால் மட்டும் இல்லை என்று புரிகிறது: அவர் அங்கே போய் வந்தவர். பழைய புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அந்தக் காட்சி மாறிவிட்டது. ஒரு முன்கதை நல்லதா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது ஒன்றுதான். பழைய புத்தகத்துக்குத் திரும்பிப் போக வைக்கிறதா?

சரி, முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம்? இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வரக் கூடாது. முத்துப்பட்டன் சாகப் போகிறான் என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவன் செத்ததால்தான் சாமியானான், சாமியானதால்தான் பாட்டு. தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்து கேட்கிறார்கள். என்ன நடக்குமோ என்ற பதற்றம் அங்கே கிடையாது. இது இப்படித்தான் முடியும் என்று தெரிந்துகொண்டே, முடியாமல் இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்வதுதான் அங்கே நடக்கிறது.

நம் பொதிகை மலைக்கார அகத்தியரையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியின் உத்தர காண்டத்தில், போர் முடிந்து இராமன் முடிசூடிய பிறகு, அயோத்தி சபையில் உட்கார்ந்து இராவணனின் பிறப்பு, தவம், வரம் எல்லாவற்றையும் இராமனுக்குச் சொல்பவர் அவர்தான். கொன்று முடித்த எதிரியின் கதையைக் கொன்றவனிடமே சொல்கிறார். இராவணன் எப்படிச் செத்தான் என்பது இராமனைவிட யாருக்குத் தெரியும்? அவன் யாராக இருந்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது. கம்பர் முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டார்.

இன்றைய ஆசிரியர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியிலும் சமாளிக்கிறார்கள். பிலிப் புல்மனின் மூன்று புத்தகத் தொடரில் முதலாவதான ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995ல் வந்தது. லைரா என்ற சிறுமி ஆக்ஸ்போர்டில் ஜோர்டன் கல்லூரிப் பெரியவர்கள் மத்தியில், தாய் தகப்பன் அருகில் இல்லாமல் வளர்கிறாள். அவள் ஏன் அங்கே வளர்கிறாள்? 22 வருஷம் கழித்து, 2017ல், ‘லா பெல் சொவாஜ்’ வந்தது. அதில் லைரா கைக்குழந்தை. அவளைப் பிடிக்க ஆட்கள் அலைகிறார்கள். தேம்ஸ் நதி கரை உடைத்து ஊரையே மூழ்கடிக்கிறது. மால்கம் என்ற 11 வயதுப் பையனும் ஆலிஸ் என்ற பெண்ணும் ஒரு சின்னப் படகில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வெள்ளத்தோடு போகிறார்கள். படகின் பெயர்தான் புத்தகத்தின் பெயர்.

குழந்தை பிழைக்கும் என்று நமக்குத் தெரியும். 1995லேயே தெரியும். அப்படியும் பக்கம் புரட்டும்போது வயிறு கலங்குகிறது, காரணம் மால்கம். பழைய மூன்று புத்தகங்களில் அவன் கிடையாது. ஏன் இல்லை? இந்த வெள்ளத்தில் போய்விட்டானோ? குழந்தையைக் காப்பாற்ற அவன் என்ன விலை கொடுக்கப் போகிறான்? நமக்குத் தெரிந்த ஆளின் பக்கத்தில் தெரியாத ஓர் ஆளை உட்கார வைத்து, பயத்தை முழுக்க அவன் பக்கம் சாய்த்துவிடுகிறார் புல்மன். முன்கதை எழுதுகிறவர்கள் கையில் இருப்பதிலேயே வலுவான உத்தி இது.

2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாதி இன்னும் நெருக்கமாக இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, நெல்லை ஜங்ஷன் பக்கம் தெருவெல்லாம் ஆறு. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடுவது நமக்குப் புதிதில்லை, ஆனால் அந்த முறை தண்ணீர் நிற்க வேண்டிய இடம் எது என்பதே மறந்துபோனது போலிருந்தது. புல்மனின் வெள்ளத்திலும் அதேதான், தெரிந்த ஊர் தெரியாத ஊராகிவிடும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக மாயம் கலப்பதை அவர் எங்கே தொடங்குகிறார் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: எதை முதலில் படிப்பது?

ஒரு புத்தகக் கடையில் கேட்ட பேச்சு. கல்லூரிப் பையன் நார்னியா வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், “அண்ணாச்சி, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்குல்லா? அப்போ இதத்தான மொதல்ல படிக்கணும்?”

“வேண்டாம்டே. ரெண்டுன்னு போட்டிருக்கத எடு. ஒண்ண ஆறாவதாப் படி.”

பையன் முழித்தான். அண்ணாச்சி சொன்னது சரி. வந்த வரிசையில் ‘தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ’ ஏழில் ஆறாவது. 1994ல் வந்த பதிப்பில் கதைக்கால வரிசைப்படி எண்களை மாற்றினார்கள். அதற்கு 1 என்ற எண் விழுந்தது. லூயிஸே 1957ல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கதைக்கால வரிசை தனக்குப் பிடித்திருக்கிறது என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார், ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய விஷயமில்லை என்றும் அதிலேயே சொல்கிறார். ஆசிரியரே சொன்ன பிறகு நீ யார் என்று கேட்கலாம். நான் அவர் கடிதத்தைவிட அவர் புத்தகத்தை நம்புகிறேன். 1950ல் வந்த முதல் புத்தகத்தில் அஸ்லான் என்ற பெயர் முதல்முறை காதில் விழும் இடத்தில், அது யாரென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்கும்தான் தெரியாது என்று வாசகரைப் பார்த்துச் சொல்கிறார் கதைசொல்லி. ஒன்றாம் எண்ணை முதலில் படித்துவிட்டு வந்தவனுக்கு அஸ்லான் உலகத்தைப் பாடிப் படைத்ததே தெரியும். அந்த வரி அவனைப் பொறுத்தவரை பொய்யாகிவிடுகிறது. காட்டுக்குள் விளக்கைப் பார்க்கும் திகைப்பும் போச்சு.

காரணம் எளிது. முன்கதை என்பது, தெரிந்தவனிடம் பேசுகிற புத்தகம். டிகரி மணியை அடிக்கப் போகிறான் என்று வரும்போது, அதிலிருந்து எழப்போகிறவள் யார் என்று தெரிந்த வாசகன்தான் “அடிக்காதலே!” என்று கத்துவான். தெரியாதவனுக்கு அது வெறும் மணி.

தமிழிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மாயாஜாலம் இல்லை, சரித்திரக் கதைதான், ஆனால் விஷயம் அதேதான். கல்கி ‘பார்த்திபன் கனவை’ 1941ல் தொடராகத் தொடங்கினார். அதில் நரசிம்மவர்மர் வயது வந்த மகள் உள்ள சக்கரவர்த்தி, வாதாபி வெற்றியெல்லாம் பழங்கதை. 1944ல் தொடங்கிய ‘சிவகாமியின் சபதத்தில்’ அவர் இளவரசர் மாமல்லர். கதை பின்னோக்கிப் போய்விட்டது. பார்த்திபன் கனவில் ஒற்றைக் கை கபால பைரவர் ஒருவர் வந்து மிரட்டுவார். அவர் யார், கை எங்கே போனது என்பதன் முழுக் கதை சிவகாமியின் சபதத்தில்தான் இருக்கிறது. பலரும் இந்தக் காலத்தில் சபதத்தை முன்னால் படித்துவிடுகிறார்கள். படித்தால் குடி முழுகாது. ஆனால் பார்த்திபன் கனவை முதலில் படித்தவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது: எந்தக் கலக்கமும் இல்லாமல் ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற அந்தச் சக்கரவர்த்தி, இளமையில் எதை இழந்துவிட்டு அங்கே வந்து நிற்கிறார் என்பது அவர்களுக்குத்தான் முழுக்க உறைக்கும்.

எழுதிய வரிசைதான் சரி என்று அடித்துச் சொன்னாலும் ஒரு விலக்கு உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடர் 1996ல் தொடங்கியது, தலையணை கனம், நூற்றுக்கணக்கில் பெயர்கள். அதைப் பார்த்து மலைப்பவர்கள் 1998ல் வந்த ‘தி ஹெட்ஜ் நைட்’ என்ற குறுநாவலில் தொடங்கலாம். முதன்மைக் கதைக்குச் சுமார் 90 வருஷம் முன்னால் நடப்பது. டங்க் என்ற ஏழை வீரனும், எக் என்ற மொட்டைத்தலைச் சிறுவனும் ஊர் ஊராகப் போகிறார்கள். கதை தன்னளவில் முழுசு. தெரியாமல் படித்தாலும் ருசிக்கும். தெரிந்தவர்களுக்கு மட்டும் அடியில் இன்னொரு கதை ஓடும்: அந்தச் சிறுவன் ஒருநாள் அரசனாவான், நெருப்பில் முடிவான். முதன்மைத் தொடரில் வடக்குச் சுவரில் கண் தெரியாத கிழவராக இருக்கும் ஏமன் அவனுடைய அண்ணன், இறக்கும் தறுவாயில் அந்தத் தம்பியின் பெயரைத்தான் சொல்வார்.

அதே மார்ட்டின் 2018ல் வெளியிட்ட ‘ஃபயர் அண்ட் பிளட்’டை முதலில் எடுத்துவிடாதீர்கள். அது நாவல் மாதிரியே இருக்காது. அந்த உலகத்துப் பண்டிதர் ஒருவர் எழுதிய அரச வரலாறாக அமைந்தது. அரண்மனைக் கோமாளி ஒரு மாதிரி சொல்கிறான், பூசாரி வேறு மாதிரி சொல்கிறார், எது உண்மை என்று பண்டிதருக்கும் தெரியாது. முடிவு தெரிந்த கதையிலும் சந்தேகத்தை உயிரோடு வைத்திருக்க இதுவும் ஒரு வழி, கெட்டிக்கார வழி. ஆனால் தொடரின் ஐந்தாம் பாகம் 2011ல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை என்று காத்துக் கிடப்பவர்களிடம் இதைப் பாராட்டிப் பேசிப் பாருங்கள். ‘முன்னால நடந்தது இருக்கட்டும், பின்னால என்ன ஆச்சு?’ என்று பாய்வார்கள். நியாயம்தான்.

முன்கதைகள் சொதப்பும் இடங்களும் கிட்டத்தட்ட எல்லாத் தொடர்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதலாவது, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் நோய். நாயகனுக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது, செல்லப்பெயர் எப்படி வந்தது, தொப்பி எங்கே வாங்கினான் என்று வரிசையாக விளக்கிக்கொண்டே போனால் அந்த உலகம் சுருங்கிவிடும். எல்லாச் செருப்புக்கும் கதை வேண்டியதில்லை. இரண்டாவது, எல்லாரும் எல்லாருக்கும் முன்பே தெரிந்தவர்களாகிவிடுவது. அவ்வளவு பெரிய ராஜ்யத்தில் சின்ன வயதில் எல்லாரும் ஒரே தெருவில் விளையாடியிருந்தார்களாம்!

மூன்றாவது, முரண். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதோடு ஒட்டாது. இதில் டோல்கீன் செய்தது வேடிக்கை. 1937ல் வந்த ஹாபிட்டில், கதாநாயகன் பில்போவிடம் விடுகதைப் போட்டியில் தோற்ற ‘கோலம்’ (Gollum) என்ற குகைவாசி, பந்தயமாகச் சொன்ன மோதிரத்தைக் காணாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு வழிகாட்டும். பின்னால் எழுதிய பெரிய கதையான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’க்கு இது ஒத்துவரவில்லை, அந்த மோதிரத்தை யாரும் மனசார விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். அதோடு விடாமல், பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று பெரிய கதையில் சேர்த்துவிட்டார். பிழையைத் திருத்தியதோடு அதிலிருந்தே ஒரு கதையையும் கறந்துவிட்ட ஆள்.

புதிதாகத் தொடங்குகிறவர் நடைமுறையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புத்தகத்தின் முதுகில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, உள்ளே உரிமைப் பக்கத்தைத் திறந்து முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அதுதான் வரிசை. மறுபதிப்பு ஆண்டும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், பழையதைப் பிடியுங்கள். முதன்மைத் தொடர் முழுவதும் முடிந்தபிறகுதான் முன்கதை என்று கட்டாயமில்லை. அது வெளிவந்தபோது எத்தனை பாகம் வந்திருந்ததோ அத்தனையைப் படித்திருந்தால் போதும். டோல்கீனின் ‘தி சில்மரில்லியன்’ மட்டும் வேறு ரகம். அவர் 1973ல் இறந்தபின் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977ல் வெளியிட்டது, அந்த உலகத்தின் புராணம். பெரிய கதையை முடித்துவிட்டு, அப்புறமும் ஆசை தீராதவர்களுக்கு.

முன்கதையை முடித்ததும் பழைய முதல் புத்தகத்தின் தொடக்கத்தை மட்டும், ஒரு முப்பது பக்கம், மறுபடி படித்துப் பாருங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ வேறெங்கோ எடுத்துப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி போனால் அது வேறொருவர் கையில் இருக்கும்.